ஆயாக் கொட்டகையும் முதல் பத்தியும்

ஒரு பத்தியை யாருக்கும் படித்துக் காட்டாமலே, படித்துக் காட்டிவிட்டேன் என்று நண்பர்களிடம் பொய் சொன்னேன். அந்தப் பத்தி அச்சேறி, ஒரு தாயார் செய்த காரியத்தை இல்லாமல் ஆக்கியது. செய்த தவறுகள் வேறும் உண்டு. எழுதிவைக்க வேண்டியது இதுதான்.

எழுபதுகளின் பிற்பாதி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் கொண்டிருந்தன. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் ஈப்போ நகருக்கு வந்து புந்தோங் பகுதியில் வாடகை வீடுகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். நான் ஈப்போவில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். நாங்கள் சிலர் சேர்ந்து தோட்டங்களுக்கென்று ஒரு களஞ்சியம் தொகுத்தோம். ஒரு தோட்டத்துக்கு ஒரு கட்டுரை. யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். எந்தக் கட்டுரையிலும் எழுதியவர் பெயர் இருக்காது. புந்தோங்கில் ஒரு தையற்கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம்.

சண்டையெல்லாம் முதல் பத்திக்குத்தான். ஒருவர் ஏக்கர் கணக்கு வேண்டும் என்பார். இன்னொருவர் கோயிலைச் சொல்லாமல் தோட்டமா என்பார். சண்டை போட்டுப் போட்டுச் சில முறைகள் படிந்தன. முதல் பத்தியைக் கடைசியில்தான் எழுதவேண்டும். உள்ளே இல்லாதது அதில் வரக்கூடாது. தோட்டத்தில் பெரிதாக நடந்தது அதில் சிறுத்துவிடக் கூடாது, சிறியது பெருத்துவிடவும் கூடாது. அதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர் தோட்டத்தைத் தப்பாக எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

"பட்டனைக் கடைசியிலதான் தைப்போம். ஆனா பாக்கிறவன் கண்ணு முதல்ல அதுலதான் நிக்கும் லா," என்பார் தையற்கடைக்காரர்.

இன்னொரு முறையும் இருந்தது. எழுதியவர் அந்தத் தோட்டத்து ஆட்களைத் தேடிப் போய், முதல் பத்தியை உரக்கப் படித்துக் காட்டவேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அச்சு. இலேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருவர் மேசையைத் தட்டி, "எங்க பந்து டீமு தாப்பா டவுன் வரைக்கும் போய் ஜெயிச்சுச்சு சார். தொர வளத்த நாய எழுதியிருக்கீங்க, எங்கள எழுதல!" என்றார். நாய் போயிற்று, பந்து வந்தது.

சுங்காய் ஊர்ப் பக்கம் நான் பிறந்த தோட்டம் என் பங்குக்கு வந்தது. அங்கே என் அப்பா பெரிய கிராணி, அதாவது அலுவலகத்தில் தோட்ட நிர்வாகியான துரைக்கு அடுத்த ஆள். நான் சிறுவனாக இருந்த காலத்தில், பால்வெட்டும் பெண்கள் கைக்குழந்தைகளை மரங்களுக்கிடையே தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் கொட்டகையும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஒரு விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்படியே பல நாள். கடைசியில் ஆயாக் கொட்டகை வந்தது. ஆனால் முன்னால் நின்று பேசிய பெண்ணுக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு லயத்தைக் காலிசெய்ய உத்தரவு வந்தது. அதை எல்லார் முன்னிலையிலும் படித்தவர் என் அப்பா.

'நிர்வாகம் கட்டித் தந்த ஆயாக் கொட்டகையால் பெயர்பெற்ற தோட்டம்' என்று நான் முதல் பத்தியில் எழுதினேன். பெண்கள் உட்கார்ந்ததைக் கட்டுரையின் அடியில் ஒற்றை வரியாகப் போட்டேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அவருக்குப் பயந்து செய்ததாகவும் சொல்லமுடியாது.

வேலை போன பெண்ணின் மகள் எங்கள் குழுவில் இருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, படிக்கவும் தெரியாது. புத்தகம் வந்ததும் முதல் பத்தியையாவது படித்துக் காட்டலாம் என்று மகள் காத்திருந்தார்.

"சார், பொம்பளைங்க உக்காந்தது மேல வரணும். அது இல்லன்னா கொட்டகையே இல்ல," என்றார்.

"தோட்டத்து ஆளுங்ககிட்டப் படிச்சுக் காட்டினேன்மா. இதுவே சரின்னுட்டாங்க."

"அவங்களே சொல்லிட்டாங்களா? அப்ப சரி சார்."

எங்கள் முறையை மதித்து அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த முறையைக் கொண்டே நான் அவரை ஏமாற்றினேன்.

புத்தகம் வந்த வாரம் அவர் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். "அப்ப தொரயா குடுத்தாரு? நான் என்ன சும்மாவா லயத்த விட்டு வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, அம்மா புந்தோங்கில் இருந்த பழைய தோட்டத்துப் பெண்களையெல்லாம் விசாரித்திருக்கிறார். யாரும் அந்தப் பத்தியைக் கேட்டிருக்கவில்லை.

மகள் மாடியேறி வந்தார். "சார், யாருகிட்டப் படிச்சீங்க?"

"யார்கிட்டயும் இல்ல," என்றேன்.

தையற்கடைக்காரர், "வாத்தியாரே, எங்க மூஞ்சியில கரி பூசிட்டீங்களே," என்றார்.

புதிய முதல் பத்தியை அச்சடித்து, விற்ற பிரதிகளில் எல்லாம் பழையதன்மேல் ஒட்டித் தருவதாகச் சொன்னேன். எழுதியும் கொண்டுவந்தேன். பெண்கள் உட்கார்ந்தது, கொட்டகை வந்தது, வேலை போனது, அந்த உத்தரவைப் பெரிய கிராணி படித்தது, அவர் மகனே பின்னாளில் அதை மறைத்தது. பத்தி நீண்டுவிட்டது. மகள் வாங்கிப் பார்த்துக் கடைசி இரண்டையும் அடித்தார்.

"உங்கப்பா படிச்சத உள்ள போடுங்க. நீங்க மறைச்சது உங்க பாரம் சார், தோட்டத்துக் கதை இல்ல. எங்கம்மாவுக்கு வேண்டிய எடத்துல நீங்க உக்காந்துக்காதீங்க."

என்னை யாரும் அவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பழைய தோட்டத்துப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். 'ஒரு பெண்ணின் தலைமையில்' என்ற இடத்தில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"இவ மட்டுமா? நாங்க என்ன அங்க பல்லாங்குழியா ஆடிக்கிட்டு இருந்தோம்?"

"ஆமாண்டி, எல்லாருந்தான். தம்பி, அத எடுத்துடுங்க," என்று அந்தத் தாயாரே சிரித்தார். 'பால்வெட்டும் பெண்கள் கேட்டுப் பெற்ற ஆயாக் கொட்டகை' என்று ஆயிற்று. தன் தலைமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தப் பத்தியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். "இப்பச் சரி. உள்ள என்ன இருக்கு?" என்றார்.

உள்ளே அப்பா இருந்தார். படித்தேன்.

"அவரு ரொம்ப வேகமாப் படிச்சாரு தம்பி. எங்களுக்குப் பாதி புரியல," என்றார் அந்தத் தாயார். மற்றவர்களும் சிரித்தார்கள். என்னை உட்காரச் சொல்லி மீலோ பானம் கலக்கிக் கொடுத்தார்கள்.

துண்டுத்தாளும் பசையுமாகப் பள்ளி விடுமுறை முழுக்கப் பேருந்தில் அலைந்தேன். சில பிரதிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவற்றில் என் பொய் இன்னும் இருக்கும். எண்பதுகளில் வந்த இரண்டாம் பதிப்புக்கு, படித்துக் காட்ட இருவராகத்தான் போகவேண்டும் என்று குழு முடிவுசெய்தது. என்னோடு அந்த மகள் வந்தார். என்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். இரவு வேலை முடித்த களைப்போடு, பதிப்பு முடியும்வரை அத்தனை ஞாயிறும் வந்தார். என்னை விலக்கிவிடுவது அவருக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.