கதவோரத்து நாற்காலி

எண்பதுகளில் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து மனநல டாக்டர் ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. "வேர்க்கலீங்களா சார்?" என்றால், "பழகிடுச்சும்மா" என்பார். நோயாளியைக் கதவோரத்து நாற்காலியில்தான் உட்காரவைப்பார். "முடியலைன்னா எழுந்து போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

இண்டூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸ்டவ் வெடித்து அவள் அக்கா அவள் கண்ணெதிரே எரிந்துபோயிருந்தாள். அதிலிருந்து அவளால் அடுப்பருகே போக முடியவில்லை. பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டன. எல்லாரும் அவளிடம் அதை மறந்துவிடச் சொன்னார்கள். டாக்டர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஊசிகளைக் கொதிக்கவைக்கும் என் பம்ப் ஸ்டவ்வை வாங்கி, பற்றவைக்காமல் அறை மூலையில் வைத்தார். வாராவாரம் அதை அவளருகே கொஞ்சம் நகர்த்தினார். அவள் நடுங்கும்போது, கண்ணில் படுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்வார்: ஜன்னல், பெஞ்சு, சுவர்.

ஒரு மழைநாளில், நானும் அறையில் இருக்க, அவளே பம்ப் அடித்துப் பற்றவைத்தாள். தீ குப்பென்று எழுந்து அடங்கியது.

"அக்கா கத்துனது இன்னும் கேக்குதுங்க சார். ஆனா கை நடுங்கலீங்க."

"கேக்கட்டும். இன்னைக்கு வூட்ல சோறாக்குவீங்களா?"

"ஆக்கறனுங்க."

மகிழ்ச்சியோடு டாக்டர் பக்கம் திரும்பினேன். அவள் எழுந்துபோன கதவோரத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. இறுகப் பிடித்திருந்த சட்டைக்கை சற்று விலகி, மணிக்கட்டில் பழைய தீத்தழும்பு தெரிந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன.

"ஜன்னல்... பெஞ்சு... சுவர்..."

அடுத்த வாரமும் முழுக்கைச் சட்டையில்தான் வந்தார். வேர்க்கவில்லையா என்று நான் அப்புறம் கேட்கவேயில்லை.