லிஃப்ட் மெக்கானிக்கின் மாடிப்படி

கோளாறு பிடிபடவில்லை என்றால் லிஃப்ட் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு மாடிப்படியில் தலைதெறிக்க ஏறி இறங்குவார். இறங்கியவுடன் அவர் பேரைக் கேட்டால்கூடத் திருதிருவென்று விழிப்பார். மூச்சு அடங்கியதும் புத்தி பளிச்சென்று வேலை செய்யும்; கை தானாகப் பழுதான வயரைத் தேடிப் போகும்.

"ஓடுறப்போ தசையில ஊறுற அமிலத்த மூளை தீனியா எடுத்துக்குமாம், டாக்டர் சொன்னாரு" என்பார்.

"லிஃப்ட்டுக்காரருக்கே படிதான் கதி!" என்று தையல்காரியான அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு மாலை வீடு திரும்பினால், தையல் மெஷின்மேல் ஒரு கோட்டு, கைகள் சரியாகப் பொருந்தாமல் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மனைவியைக் காணோம். வெளியே மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தவள் கையமர்த்தினாள்.

"இப்ப ஒண்ணும் கேக்காதீங்க. மூச்சு அடங்கட்டும்."