ஆணியில் மாட்டிய பாய்

பாலோ ரயில் ஸ்டேஷனில் வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் இந்த ஊர்க் கைவேலைகளை இன்றுதான் நிதானமாகப் பார்க்கிறேன். ஜொகூர் பாரு கண்காட்சிக் கொட்டகையில், சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட தாழம்பாய் ஒன்றை எந்தப் புத்திசாலியோ ஆணியில் மாட்டியிருக்கிறான். என் விரல் தானாக நீள்கிறது.

"தொடக் கூடாதுங்க. தொரை வந்து பார்த்துத்தான் பரிசு சொல்வாரு," என்கிறார் தமிழ்க் காவல்காரர்.

பாயைப் பின்னிய மலாய்க்கார அம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாள். "பாயைப் பார்த்தா என்ன தெரியும்?" என்று மலாயில் சொல்லிக்கொண்டே அதைக் கழற்றித் தரையில் விரிக்கிறாள். "டுடுக்," என்று உட்காரச் சொல்லி எனக்கு இடம் காட்டுகிறாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறேன். இந்தப் புழுக்கத்திலும் பாய் குளுகுளுவென்றிருக்கிறது. ஓர் ஓலை நுனிகூடக் குத்தவில்லை.

"எப்படிங்க இருக்கு?" காவல்காரர் குனிந்து கேட்கிறார்.

"எழுந்திருக்கவே மனசு வரலை."

வாசலில் பூட்ஸ் சத்தம். நோட்டுப் புத்தகத்தோடு வெள்ளைக்காரத் துரை வருகிறார். காவல்காரர் விறைத்து நிற்கிறார், நான் பதறி எழுகிறேன். அம்மாள் மட்டும் அசையவில்லை. துரையின் பூட்ஸைக் காட்டி, கழற்றச் சொல்லிச் சைகை செய்கிறாள்.

"டுடுக், துவான்."