மாமா அழுத படம்

அத்தையின் கணவருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, மூலக்குளத்தில் பஞ்சர் கடை. சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம் அப்பா ஆணியில் மாட்டியிருக்கும் தன் சட்டையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். விருந்தாளி வந்தால் வீட்டை ஒழுங்குபடுத்துவது மரியாதை என்று மூன்றாம் வகுப்புப் படித்த நான் திடமாக நம்பினேன்.

அந்த மாமாவோடு என்னை சினிமாவுக்கு அனுப்ப அப்பா சம்மதித்ததே அதிசயம். அத்தை கெஞ்சிக் கேட்டு வாங்கிய அனுமதி அது. திருந்திய திருடன் ஒருவனின் கதை. பழைய படத்தை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் மறுபடி போட்டிருந்தார்கள். கதாநாயகன் ஒரு பணக்காரரின் ஜிப்பாவுக்குள் கையை விட்டபோது தியேட்டரே சிரித்தது. மாமா மட்டும் முணுமுணுத்தார்: "அஞ்சு வெரலையும் உட்டா எந்த மடையனுக்கும் தெரிஞ்சிடும்." அத்தை அவரை நறுக்கென்று கிள்ளினாள். கடைசியில் திருடன் திருந்தியபோது மாமா விசும்பி விசும்பி அழுதார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

படம் விட்டு வெளியே வரும்போது வாசலில் ஒரே நெரிசல். திருகாணி கழன்ற என் வெள்ளிக் கொலுசை அத்தை தன் பர்ஸில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பர்ஸைக் காணோம்.

"ஐயோ, எங்கண்ணன் ஒங்களத்தான் சொல்லும்!" என்று மாமாவைப் பார்த்துப் பதறினாள் அத்தை. தொலைத்தது அத்தை, அப்பா எதற்கு மாமாவைச் சொல்லப்போகிறார் என்று எனக்குக் குழப்பம்.

மாமா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் மேல் போய் மோதினார். "பாக்கலப்பா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார். பர்ஸ் அவர் கையில் இருந்தது.

கொஞ்ச தூரம் போன சட்டைக்காரன் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். மாமாவின் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்களா! குடும்பத்தோட வந்துருக்கறது தெரியாதுண்ணே."

"நான் உட்டுட்டேன்டா. நீயும் உட்டுடு. ஊட்டுக்குப் போ" என்றார் மாமா.

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். ஊரே மாமாவுக்கு அடங்குகிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எனக்கும் இத கத்துக் குடுங்க மாமா" என்றேன். மாமா வேறு பக்கம் பார்த்தார்.

பர்ஸ் கிடைத்ததற்கு அத்தை சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால், "என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணீங்களே" என்றாள்.

"வேற என்னா பண்ணச் சொல்ற? இனிமே கெடையாது."

ஆட்டோ சாரத்துக்கு வந்து சேரும்வரை அத்தை மாமாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். மாமா விடுவித்துக்கொள்ளப் பார்த்தபோதும் விடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இருவருக்கும் எவ்வளவு காதல் என்று நினைத்துக்கொண்டேன்.