ஒட்டு மீசை

சீனுவின் முகம் இப்போது எல்லோர் போனிலும் ஓடுகிறது. ஒரு கன்னடப் படத்தில் எதிரி முகாமிலிருந்து தப்பிக்கிற ஏழு போர்க்கைதிகளில் மூன்றாவது ஆள் அவன்தான். முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து வந்து, தலையைத் தூக்கி, பின்னால் வருகிறவர்களிடம் ஒரு வரி பேசுவான். எங்கள் பேட்டை மர்பி டவுனில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. சீனு பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவனை அந்த வேஷத்தில் தள்ளிவிட்ட பாவி நான்தான்.

என் பெயர் சிரில். அல்சூரில் முப்பது வருஷமாக ஷூட்டிங்குக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட். கல்யாணக் கூட்டம், கலவரக் கூட்டம், எது கேட்டாலும் காலை ஆறு மணிக்கு வேனில் ஏற்றிவிடுவேன். பெயிண்டர் வேலை பார்க்கும் சீனு பதினெட்டு வருஷமாக என் வேனில் வந்தவன். நாற்பத்தாறு வயது, ஒட்டிய கன்னம், அடர்ந்த மீசை. போலீஸ்காரனாக, பந்தி பரிமாறுகிறவனாக, பிணமாக எத்தனையோ படங்களில் இருக்கிறான். ஒன்றிலும் முகம் தெரியாது. ஒரு தடவை தெரியும் என்று நம்பி தெருவையே தியேட்டருக்குக் கூட்டிப்போனான். முதுகுதான் தெரிந்தது. அன்று அவனைக் கேலி செய்யாத வாய் இல்லை, என் வாயும் சேர்த்துத்தான். அவன் அப்பா மட்டும், முதுகைப் பார்த்தே என் பையன் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அப்பா லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நினைவு மட்டும் சுத்தமாக இருந்தது. வாசலைப் பார்த்த கட்டிலில் படுத்திருப்பார். காலையும் மாலையும் ராகிக் கஞ்சி சீனு ஊட்டினால்தான் இறங்கும். மருமகள் உஷா கொடுத்தால்கூட வாயைத் திறக்க மாட்டார். அதனாலேயே சீனு வெளியூர் ஷூட்டிங் எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

பொம்மசந்திரா தாண்டி ஒரு காலி நிலத்தில் கைதி முகாம் செட் போட்டிருந்தார்கள். நாற்பது பேரைக் கொண்டுபோனேன். டைரக்டர் சீனுவின் கன்னத்தைப் பார்த்து அவனைத் தனியாக நிறுத்தினார். க்ளோசப், கன்னடத்தில் ஒரு வரி வசனம். பதினெட்டு வருஷத்தில் முதல் வசனம் அது. கைதிகள் எல்லோருக்கும் மொட்டை, மீசையும் இருக்கக் கூடாது என்றார்கள்.

மொட்டை மட்டும் என்றால் திருப்பதி போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மீசையும் சேர்ந்து போனால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: அப்பன் செத்துவிட்டான். சீனு என்னை ஓரமாக இழுத்துப்போய், அப்பா உயிரோடு இருக்கிறாரே அண்ணா, மீசையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். நான் சர்ச்சுக்குப் போகிறவன்தான். ஆனால் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒன்பது மணிக்குள் நாற்பது தலையைச் சிரைத்தாக வேண்டுமே என்ற எரிச்சலில் இருந்தேன்.

"நடிப்புதானேடா. வேணாம்னா சொல்லு, உன் எடத்துல நிக்க ஆள் இருக்கு" என்றேன்.

போய்க் கத்திக்குத் தலையைக் கொடுத்தான்.

மேக்கப்மேனிடம் கேட்டு ஒரு ஒட்டு மீசை வாங்கிக்கொண்டான். தினமும் வேனிலிருந்து இறங்குமுன் பசை தடவி அதை ஒட்டிக்கொள்வான். தலைக்கு மங்கி குல்லா. டிசம்பர் குளிர், யாரும் சந்தேகப்படவில்லை. உஷாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். எட்டு நாள் இப்படியே அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினான்.

ஒன்பதாம் நாள் அவன் வசனம். ஒரே டேக்கில் ஓகே ஆனது. வேனில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்காட்டிக்கொண்டு வந்தான். அந்தச் சந்தோஷத்தில் மீசையும் குல்லாவும் மறந்தே போய், அல்சூர் மார்க்கெட்டில் வெறும் முகத்தோடு நின்று அப்பாவுக்கு வாழைப்பழம் வாங்கியிருக்கிறான். வீட்டுத் தெருவில் ஞாபகம் வந்து ஒட்டிக்கொண்டான், ஆனால் அதற்குள் மார்க்கெட்டில் எதிரே ஆட்டோவில் வந்த அத்தை மகன் கிஷோர் பார்த்துவிட்டிருந்தான். அப்படிப்பட்ட முகத்தை நிறுத்தி விசாரிப்பார்களா? நேரே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். அவள் அலர்மேல்மங்கை, சீனு அப்பாவின் ஒரே தங்கை. கூடப் பிறந்தவன் சாவுக்கே சொல்லியனுப்பவில்லை என்ற ஆத்திரத்தில் அவள் ஒரு போன்கூடப் போடவில்லை.

மறுநாள் காலை சீனு ஷூட்டிங்குக்குப் போன பிறகு, நாலு பெண்களோடு கையில் மாலையுமாக வந்தாள். தெருமுனையிலேயே ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. அடுப்படியிலிருந்து உஷா ஓடிவருவதற்குள் அத்தை மாரில் அடித்துக்கொண்டு வாசற்படி ஏறிவிட்டாள். கட்டிலில் அண்ணன் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவள், அவர் காதுபடவே உஷாவைக் கேட்டாள்:

"அப்புறம் எதுக்குடி அவன் மீசைய எடுத்தான்?"

சாயங்காலம் சீனு வந்தபோது உஷா வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். என்ன செய்வதென்று தெரியாமல், ஒட்டிய மீசையோடேயே கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் இடது கையைத் தூக்கினார். கன்னத்தைத் தடவப்போகிறார் என்று நினைத்து குனிந்து முகத்தைக் கொடுத்திருக்கிறான். அவர் மீசையைப் பிய்த்தார். கஞ்சிக்குள் போட்டார். வாயை மூடிக்கொண்டார்.

சினிமாப்பா, வசனம்கூட இருக்குப்பா என்று அந்த வரியைப் பேசிக்காட்டினானாம். இன்னு ஸ்வல்ப தூர அஷ்டே, இன்னும் கொஞ்ச தூரம்தான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் யார் கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மூக்கில் குழாய் போட்டார். இடது கையால் இழுத்து எறிந்தார். நான் போய் அவர் காலைப் பிடித்து, தப்பு என்னுடையது, பையன் மேல் கோபப்படாதீர்கள் என்று அழுதேன். கண்ணை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டார்.

சுடுகாட்டில் நாவிதர் சீனுவின் தலையையும் உதட்டையும் பார்த்தார். ஷூட்டிங்குக்காகத் தினமும் சிரைத்துக்கொண்டிருந்ததால் சிரைக்க ஒன்றுமில்லை. பேருக்கு ஒரு தடவை கத்தியை ஓட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

பிறகு வாய்க்கரிசி. தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சீனு வைத்த அரிசி உதட்டில் நிற்காமல் கன்னத்தில் உருண்டது. பொறுக்கி மறுபடி வைத்தான், மறுபடியும் உருண்டது. போதும் சாமி, நேரமாகிறது என்று வெட்டியான் சொன்னான். சீனுவுக்குக் காது கேட்கவில்லை. மூன்றாவது பிடி அரிசியோடு குனிந்து, அப்பாவின் முகத்துக்குக் கிட்டே போய்ச் சொன்னான்:

"இப்பவாவது வாயத் தெறப்பா."