ஹீரன் தெருவில் ஒரு காலை, கம்போங் செட்டியில் ஓர் இலை

ஊர் சுற்றிப் பார்க்க நான் மலாக்காவுக்குப் போகவில்லை. தம்பி ரத்தினத்துக்காகப் போனேன். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரசராக இருந்தவன், அங்கே தாதியாக வேலை பார்க்கும் நீலாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பெண் காஜா பேராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியைச் சேர்ந்தவள். அந்தச் செட்டிகள் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து மலாக்காவோடு கலந்துவிட்ட இந்துக்கள். கோயில் நம் கோயில், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய்.

இதற்கெல்லாம் அம்மா தடை சொல்லவில்லை. "அப்பா வரட்டும், அவரைக் கேட்டுக்கிட்டுச் செய்வோம்" என்றார். அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பதினான்கு வருஷம் ஆயிற்று. திரும்பி வந்தவர்களில் ஒருவர், அப்பா காலராவில் போய்விட்டார் என்றார். இன்னொருவர், சண்டை முடிந்த பிறகு பாங்காக்கில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். அம்மா இரண்டாவது ஆளைத்தான் நம்புகிறார். பொட்டை அழிக்கவில்லை, திதியும் கொடுக்கவில்லை. எனக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் மூன்று வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தம்பிக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்றுதான், அம்மாவிடம் "மலாக்கா பார்த்துட்டு வரேன்" என்று ஒரு பாதி உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தபின் வரும் முதல் பொங்கல். போகியன்று லீவு எடுத்தேன். கோலாலம்பூரில் காலை ஆறு மணி ரயில். ரயில்வே குமாஸ்தா என்பதால் எனக்கு இலவச பாஸ். உங்களுக்கு மூன்றாம் வகுப்பு மூன்று வெள்ளிக்குள் முடியும். ஒன்பது பத்துக்குத் தம்பின் என்ற ஊர். ஸ்டேஷன் வாசலிலேயே பஸ் நிற்கிறது, இருபத்து நான்கு மைல், ஒரு வெள்ளி இருபது காசு. பத்தரைக்கு மலாக்கா ஆற்றுப் பாலத்தருகே இறங்கிவிட்டேன். பெண் வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் "இரண்டு மணிக்கு வாருங்கள், சாப்பாடு இங்கே" என்று எழுதியிருந்தது. நடுவில் மூன்றரை மணி நேரம். அதை ஹீரன் தெருவுக்குக் கொடுத்தேன்.

மலாக்காவில் பணமும் பகட்டும் எங்கே குடியிருக்கின்றன என்று கேட்டால் யாரும் இந்தத் தெருவைத்தான் காட்டுவார்கள். தெரு என்னவோ சந்து மாதிரிதான். எதிரும் புதிருமாக இரண்டு மோட்டார் கார் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். யார் பின்வாங்குவது என்று ஒரு பச்சை ஆஸ்டினுக்கும் ஒரு கறுப்பு மெர்சிடிஸுக்கும் நடந்த தகராறை ஐந்து நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்தேன். கடைசியில் ஆஸ்டின்தான் நகர்ந்தது.

வீடுகளின் முகப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாசல் பத்துத் தப்படி அகலம்தான் இருக்கும், உள்ளே போகப் போக வீடு முடியாது. கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குக் கொல்லைப்புறம் கடல். ஐந்தடி நடைபாதையில் பூப்போட்ட சீமை ஓடுகள், கதவுக்கு முன்னால் இடுப்பளவில் செதுக்கு வேலை செய்த அரைக் கதவு, அதற்கு மேலே தங்க எழுத்துப் பலகை. ஆகஸ்டில் சுதந்திரத்துக்குக் கட்டிய கொடிகள் சில வாசல்களில் இன்னும் வெளுத்துப்போய்த் தொங்குகின்றன. இங்கிருப்பவர்கள் மலாய்ப் பழக்கவழக்கத்தோடு கலந்துபோன பாபா சீனர்கள். பெண்கள் சாரோங்கும் மெல்லிய கெபாயாச் சட்டையும் உடுத்தி, கெபாயாவைத் தங்க ஊசியால் கோத்திருக்கிறார்கள். அவர்களுடைய மகள்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு கவுன் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தெருவைப் பிடித்தது என்பதை மறைப்பானேன். ஒவ்வொரு அரைக் கதவின் முன்னாலும் என் கால் நின்றது. சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறதோ என்று இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

வெயில் தாங்காமல் மூன்று சக்கரப் பேச்சா வண்டி ஒன்றை அமர்த்தினேன். தெரு முழுக்க ஒரு சுற்று முப்பது காசு. ஓட்டியவர் வயதான சீனர், பேசியது மலாய். மாடியில் நீலச் சன்னல்கள் வைத்த, தெருவிலேயே பெரிய வீட்டைக் காட்டி, "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்றேன்.

"யாருமில்லை. அது செத்தவங்க வீடு. ஒரு காவல்காரன் மட்டும் உண்டு. வருஷத்தில் சில நாள் குடும்பம் முழுக்க வந்து சாமான் வைத்துக் கும்பிடும்."

"அப்படியானால் உயிரோடு இருப்பவர்கள்?"

"பாதிப் பேர் கிளேபாங் பக்கம் கடற்கரை பங்களாவுக்குப் போய்விட்டார்கள். இப்போ அதுதான் மவுசு. காற்று வருது, கார் நிறுத்த இடமிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். நான் குடியிருக்கும் ரயில்வே வரிசை வீட்டில் ஐந்து பேருக்கு ஒன்றரை அறை. இங்கே செத்தவர்களுக்கு இருபது அறை என்று அவரிடமே சொன்னேன். அவர் பெடலை மிதித்தார்.

மணி பன்னிரண்டு பத்து. அதற்குமேல் பொறுமை இல்லை. நேரத்துக்கு முன்னால் போய் நிற்பது ரயில்வே புத்தி. அதே பேச்சாவில் காஜா பேராங் போனேன். ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட, நாற்பது காசு. கம்போங் செட்டிக்குள் நுழைந்தால் ஹீரன் தெருவின் சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. பலகை வீடுகள், சின்னச் சின்னக் குடும்பக் கோயில்கள், வாசல் தோறும் மாவிலைத் தோரணம். வழி கேட்கத் தெருவில் ஓர் ஆள் இல்லை. தம்பி எழுதிக்கொடுத்த அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு அகலத் திறந்திருந்தது. "அம்மா" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போனேன்.

கூடத்தில் பாய் விரித்து ஏழு தலைவாழை இலை. சோறு, பொரித்த மீன், கோழி, சம்பல், ஐந்தாறு வகைப் பலகாரம், சீனக் கிண்ணத்தில் கறுப்புக் கோப்பி. சாம்பிராணி வாசம். சுவரில் மாலை போட்ட படம் எதுவும் இல்லை. ஓரத்து இலைக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. எனக்குப் புகைக்கும் பழக்கம் உண்டு என்பதைத் தம்பி சொல்லியிருப்பான், மாப்பிள்ளை வீட்டாரை எப்படித் தாங்குகிறார்கள் பார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. கைகழுவப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த இலைமுன் உட்கார்ந்தேன். காலையில் தம்பினில் குடித்த கோப்பிதான் வயிற்றில். ஒரு பலகாரத்தைக் கடித்தேன். பிறகு மீனை. அதன் பிறகு கை நிற்கவில்லை.

கொல்லைக் கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள். கதவு திறந்தது. சாரோங் கட்டிய ஓர் அம்மாள், அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவர்களுக்குப் பின்னால் சொந்தக்காரர்களும் குழந்தைகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

போகியன்று இவர்கள் முன்னோருக்குப் படைக்கிறார்கள். பர்ச்சு என்று பெயர். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வீடே பின்பக்கம் போய் நிற்கும், பிறகு மூன்று முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உயிரோடிருப்பவர் வாயில் ஒரு பருக்கை படாது. அதனால்தான் என்னை இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் போகி என்றால் வெள்ளையடிப்பு. எனக்கு எங்கே தெரியும்?

நீலாவின் அம்மா திட்டவில்லை. "அது என் புருஷனுடைய இலை" என்று மலாயில் சொன்னார். பிறகு, "மறுபடி சமைக்க வேண்டும்" என்று சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஏழு இலையும் எடுக்கப்பட்டன. கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த குழந்தைகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் நீலா ஒரு தேங்காய்த் துருவியையும் ஆறு மூடித் தேங்காயையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தம்பி கற்றுக்கொடுத்த தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அண்ணன், ருசி எப்படி? உப்பு சரி இருக்கா? நாங்க இன்னும் பார்க்கல."

அவள் முகத்தில் சிரிப்பில்லை, கண்ணில் இருந்தது. ராத்திரி ஷிப்டு முடித்து வந்து தூங்காமல், சாப்பிடாமல் மறுபடி மீன் கழுவ உட்கார்ந்தாள். தம்பியின் கண் பழுதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் முடிவு சொல்லும் உரிமை இனி என்னிடம் இல்லை.

நான்கு மணிக்கு மறுபடி இலை போட்டார்கள். ஏழு இலை பரிமாறியானதும் நீலாவின் அம்மா அகப்பையோடு என்னிடம் வந்தார்.

"பெண்ணைக் கொடுக்கிறதென்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிய வேண்டும். உயிரோடு இருக்கிறவர் வெற்றிலையோடு வந்து பேசுவார். போனவருக்கு இன்றைக்கு இலை. உங்கள் அப்பா வந்து பேசுவாரா? இல்லை, அவருக்கும் ஒரு இலை போடவா?"

பதினான்கு வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வருவார் என்று சொல்ல வாய் வரவில்லை. வரமாட்டார் என்று சொன்னால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அவரை நானே கொன்ற மாதிரி. அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. பசியோடு அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"வேலாயுதம்" என்றேன். அப்பாவின் பெயரைச் செத்தவர்கள் வரிசையில் சேர்த்து அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

"அவருக்கு என்ன பிடிக்கும்?"

"கருவாட்டுக் குழம்பு."

வீட்டில் கருவாடு இல்லை. நீலா பக்கத்து வீட்டுக்கு ஓடி வாங்கி வந்தாள். இன்னொரு அரை மணி நேரப் பட்டினி. எட்டாவது இலை போட்டார்கள். எல்லோரோடும் நானும் கொல்லைப்புறம் போய் நின்றேன். வாசல் கதவு திறந்திருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் அழுதுவிட்டேன். முப்பத்திரண்டு வயது ஆள், அத்தனை பேருக்கு நடுவில். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி நின்றார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஹீரன் தெருவை ஒன்பது மணிக்குள் பாருங்கள், அதற்குப் பிறகு நிழல் கிடையாது. அரைக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்க்காதீர்கள், கேட்டால் சிலர் அவர்களே உள்ளே கூப்பிடுகிறார்கள். பேச்சாக்காரரிடம் கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். தம்பினுக்குக் கடைசி பஸ் ஆறேகாலுக்கு. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கம்போங் செட்டிக்குப் போகியன்று போனால், இலை இருந்து ஆள் இல்லாத கூடத்துக்குள் கால் வைக்காதீர்கள். செத்தவர்களின் வீட்டைப் பார்த்துச் சிரித்த எனக்கு அன்று கிடைத்தது போதும்.

மறுநாள் பொங்கல் பொங்கி முடித்த பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணைப் பற்றி, மீனைப் பற்றி, கடைசியில் எட்டாவது இலையைப் பற்றி. அடிப்பார் என்று நினைத்தேன். அம்மா பானையை இறக்கி வைத்தார்.

"கருவாட்டுல கத்திரிக்கா போட்டாங்களா?" என்றார்.

"இல்லம்மா. வெறும் கருவாடுதான்."

"உங்கப்பாவுக்குக் கத்திரிக்கா போட்டாத்தான் எறங்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் நான் வந்து செய்யறேன்னு சம்பந்திக்கு எழுது."