அற்புதராஜ் தின்னாத ஆரஞ்சு

அற்புதராஜ் நாற்பது வருடமாகத் தென்னாப்பிரிக்கப் பழம் எதையும் தின்னாமல் இருந்தார். சிங்கப்பூரில், கிளமெண்டியில் ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை. கூட இருப்பவர்கள் ஆரஞ்சை நீட்டினால், எந்த நாட்டுப் பழம் என்று தோலில் ஒட்டியிருக்கும் வில்லையைத்தான் முதலில் பார்ப்பார். பிறகு, "எனக்கு ஒத்துக்காதுலா" என்பார். உண்மையைச் சொன்னால் அரைமணி நேரம் விளக்க வேண்டும். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

1986, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். கறியை விடுவதெல்லாம் பழைய ஒறுத்தல் என்று மாதா கோயில் பங்கு இளையர் எட்டுப் பேர் வேறொன்றை எடுத்தார்கள். நிறவெறி அரசாங்கத்தின் நாட்டிலிருந்து வரும் பழம் வேண்டாம். பூசை முடிந்து வருகிறவர்களிடம் துண்டறிக்கை கொடுத்தார்கள். "ஆப்பிள் தின்னா பாவமா தம்பி?" என்று பெரியவர்கள் கிண்டலடித்தார்கள். அங்கே கறுப்பர்களுக்கு ஓட்டு கிடைக்கும் நாளில், எட்டுப் பேரும் ஒரே ஆரஞ்சைப் பங்கிட்டுத் தின்போம் என்றார், கூட்டத்தைச் சேர்த்த லொரைன் என்ற பெண். பீடத்தின் முன் நின்று வாக்குக் கொடுத்தார்கள். பத்தொன்பது வயது அற்புதராஜுக்கு, தன்னையும் நாலு பேர் சேர்த்துக்கொண்டார்கள் என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

1994இல் ஓட்டு கிடைத்தது. ஆரஞ்சோடு கோயில் மண்டபத்தில் சாயங்காலம் வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை. வேலை, கல்யாணம், வெளிநாடு என்று ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். தனியாகத் தின்ன மனம் வரவில்லை. அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அம்மா போனபின் சுவா சூ காங் வட்டாரத்து வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவிதான். பிடிவாதக்காரர் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கென்னவோ பாவமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லொரைன் வந்திருந்தார். ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். வீட்டில் இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டு போன அற்புதராஜ், டீ வந்ததும் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து வைத்தார்.

"என்ன ராஜ் இது?"

"சவுத் ஆப்பிரிக்கா. நம்ம வாக்கு. சேர்ந்து சாப்பிடணும்ல."

லொரைனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. "ஐயோ, அது லெண்ட் நாப்பது நாளுக்குத்தானேன்னு ஈஸ்டர் பிக்னிக்லயே எல்லாரும் ஆரஞ்சு சாப்பிட்டு முடிச்சிட்டோமே! நீ வரலையா?"

"ஆர்மி கேம்ப்ல டியூட்டி. நேஷனல் சர்வீஸ்ல இருந்தேன்."

"அப்புறம்கூட யாரும் உன்கிட்ட சொல்லலையா?"

அற்புதராஜ் பழத்தை எட்டாக வெட்டினார். லொரைன் ஒரு துண்டை மென்றபடி மணி பார்த்தார். மகள் காத்திருக்கிறாளாம். "ஸாரி ராஜ்" என்று தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

மிச்சம் ஏழு. அந்த நாட்டு ஜனங்களுக்காகத்தானே விட்டேன், இவர்களுக்காகவா என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தார். தேறவில்லை. ஓட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் அவர் காத்திருந்தது இவர்களுக்காகத்தான். ஒவ்வொன்றாக ஏழையும் அவரே தின்றார்.

மேசை துடைக்க வந்த கமலா கேட்டார்: "ரொம்பப் புளிப்பா அண்ணே? கண்ணெல்லாம் கலங்குதே."

"இல்லம்மா. நல்ல இனிப்பு."